மகளுக்கு: மனுவைப் போட்டுவிடு

அன்புள்ள மகளுக்கு,

அரசாங்கப் பதிவுகளில் உன் பெயரை மாற்றி, ஆண் என்றிருப்பதைப் பெண் என்று திருத்த மனுப் போடு என்றதற்கு, போன வாரம் போனில் நீ சொன்னது இன்னும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் யாரென்று தெரியும்ப்பா, அரசாங்கத் தாள் எதற்கு?" என்றாய். பிறப்புப் பதிவேட்டோடு காலம் தள்ளியவனிடமா இந்தக் கேள்வி?

அந்தப் பதிவேடு எப்படி நிரம்பும் தெரியுமா? குழந்தை பிறந்த தகவல் வரும். தேதி, தாய் பெயர், தகப்பன் பெயர், ஆணா பெண்ணா. சொன்னதை எழுதுவோம், கையெழுத்து வாங்குவோம், அடுத்த பக்கம் போவோம். ஒரு குழந்தையையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. "இவர்தான் தகப்பன்" என்றால் ரத்தப் பரிசோதனை கேட்டதும் இல்லை. யாரோ ஒருவர் வாயால் சொன்னதற்கு அரசாங்க முத்திரை விழுந்த இடம் அது. அப்படியிருக்க, வளர்ந்து ஆளான நீ உன்னைப் பற்றி நீயே சொன்னால் மட்டும் செல்லாது, டாக்டர் சொல்ல வேண்டும், குழு கூடி முடிவெடுக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

அயர்லாந்தில் லிடியா ஃபாய் என்று ஒரு பல் மருத்துவர். பிறப்புச் சான்றிதழில் தன்னைப் பெண் என்று குறிக்கச் சொல்லி 1993-இல் விண்ணப்பித்தார். முடியாது என்றார்கள். 1997-இல் வழக்குப் போட்டார். 2002 ஜூலை 9 அன்று உயர் நீதிமன்றம் கைவிரித்தது. இரண்டே நாளில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கிறிஸ்டின் குட்வின் என்ற பிரிட்டிஷ் பெண்ணின் வழக்கில், இப்படி அங்கீகாரம் மறுப்பது உரிமை மீறல் என்று தீர்ப்புச் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு ஃபாய் மறுபடியும் படியேறினார். 2007-இல் அவர் பக்கம் தீர்ப்பானது. சட்டம் வர 2015 ஆகிவிட்டது. முதல் சான்றிதழ் அவருக்குத்தான். பதிவேட்டில் ஒரே ஒரு சொல்லம்மா. பேனாவை எடுத்தால் அரை நிமிட வேலை.

குட்வின் கதைதான் உன் கேள்விக்குப் பதில். அப்போது பிரிட்டனில் அரசு ஓய்வூதியம் பெண்களுக்கு 60 வயதில், ஆண்களுக்கு 65-இல். அறுவைச் சிகிச்சையெல்லாம் முடிந்து பெண்ணாகவே வாழ்ந்தவர் அவர். ஆனால் கோப்பில் ஆண். ஆகவே 65 வரை காத்திரு, அதுவரை காப்பீட்டுச் சந்தாவைக் கட்டு என்றார்கள். விஷயம் முதலாளிக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று, சம்பளத்தில் பிடிக்க விடாமல் தானே நேரடியாகக் கட்டினார். தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்து என்ன? கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உன்னைத் தெரியாது, கோப்பைத்தான் தெரியும்.

அங்கீகாரத்துக்குக் கேட்ட விலையும் கொஞ்சநஞ்சமல்ல. உலகிலேயே முதலில் சட்டம் போட்டது ஸ்வீடன், 1972-இல். ஆனால் கருத்தடை செய்துகொண்டால்தான் தாள். அந்த நிபந்தனை 2013 வரை இருந்தது. 2018-இல் நாடாளுமன்றமே பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 2,25,000 குரோனா இழப்பீடு தர முடிவு செய்தது. இந்தியாவில் 2014-இல் உச்ச நீதிமன்றம், அறுவைச் சிகிச்சையை வற்புறுத்துவது சட்டவிரோதம் என்றது. அப்புறம் வந்த 2019 சட்டம், ஆண் அல்லது பெண் என்று மாற்ற ஆஸ்பத்திரிச் சான்றைக் கொண்டுவா என்றது. நீதிமன்றம் முன்வாசலில் அனுப்பியதைப் பின்வாசலில் உள்ளே விட்ட வேலை, வேறென்ன சொல்ல? அர்ஜென்டினா 2012-லேயே டாக்டரும் வேண்டாம், நீதிபதியும் வேண்டாம், வயது வந்தவர் சொன்னால் போதும் என்று சட்டம் போட்டுவிட்டது.

உன் படிவத்தில் மருத்துவச் சான்று கேட்டிருந்தால் கொடுத்துவிடு. சட்டத்தோடு மல்லுக்கட்டுவது ஒரு வேலை, உன் காரியம் முடிவது இன்னொரு வேலை. முதலாவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மற்ற அலுவலகங்கள் எந்த ஆவணத்தை மூலமாக எடுத்துக்கொள்கின்றனவோ, அதை முதலில் திருத்து. பெயரில் ஒரு புள்ளிகூட ஒன்றுக்கொன்று மாறக் கூடாது. பட்டச் சான்றிதழை விட்டுவிடாதே; நிறையப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், அதுவும் வேலை கிடைக்கிற நேரத்தில். பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்துச் சொல்லும் உத்தரவுக்குச் சான்றிட்ட நகல் நாலைந்து வாங்கி வை. தயவுசெய்து எதையும் லேமினேஷன் செய்யாதே. பின்பக்கம் முத்திரை குத்த இடம் வேண்டும்.

பெற்றோர் ஒப்புதல் எங்கே என்று எந்த குமாஸ்தாவாவது கேட்டால், வயது வந்தவளுக்கு அது எதற்கு என்று நீயே கேள். அடம்பிடித்தால் எனக்குப் போன் போடு; குமாஸ்தாவிடம் குமாஸ்தா பேசுகிற விதமாகப் பேசிக்கொள்கிறேன்.

புதுக் கையெழுத்தை முடிவு செய்துவிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். எதுவானாலும் சரி, வங்கியில் மாதிரிக் கையெழுத்துக் கொடுப்பதற்குள் நன்றாகப் போட்டுப் பழகிக்கொள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி போடுவது உன் பழக்கம்.

அன்புடன்,
அப்பா