வாசனைச் சட்டி பற்றி மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நேற்று நீ போனில் சொன்னது மனசிலேயே நிற்கிறது. குளிருக்கு ஜன்னலைச் சாத்தியதிலிருந்து வீட்டில் அடைந்துபோன வாடை, சாம்பிராணி போட்டால் புகை அலாரம் கத்துகிறது, கடையில் வாங்கிய வாசனை மெழுகுவர்த்தி தலைவலி கொடுக்கிறது என்றாய். தோழி வீட்டு அடுப்பில் பழத்தோலும் பட்டையும் கொதித்துக்கொண்டிருந்தது, சிம்மர் பாட் என்றார்கள், நானும் வைக்கட்டுமா அப்பா என்று கேட்டாய். அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது, பாதிதான் சொல்ல முடிந்தது. செவ்வாய்ப்பேட்டையில் பட்டை கிராம்போடு காலம் கழித்தவனிடம் கேட்டிருக்கிறாய், விவரமாகவே எழுதுகிறேன்.

தாராளமாக வை. சளி பிடித்தால் அம்மா நொச்சி இலையைக் கொதிக்க விட்டு, போர்வையைப் போர்த்தி ஆவி பிடிக்க வைப்பாளே, அதே வேலையைத்தான் இந்தச் சட்டி வீடு முழுக்கச் செய்கிறது. பட்டையிலும் தோலிலும் இருக்கிற எண்ணெய் சூட்டில் வெளியே வந்து நீராவியோடு பரவும். புகை கிடையாது. ஆனாலும் அலாரத்துக்கு நேர் கீழே வைக்காதே, நீராவி அடர்த்தியாகப் பட்டாலும் சில அலாரங்கள் கத்திவிடும்.

அதற்கு முன்னால் ஒன்று. நாற்றத்தின் மேல் வாசனையைப் போட்டு மூடக் கூடாது. அடுப்புக்கு மேலே இருக்கிற சிம்னி வலையில் தாளித்த எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும், கழற்றி வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய். சிங்க் குழாயைப் பார், ஈரத்துண்டு எங்கேயாவது சுருண்டு கிடக்கிறதா பார். அப்புறம், குளிரானாலும் பரவாயில்லை, எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிஷம் திறந்து வை. ஏற்காட்டில் ஐப்பசி கார்த்திகையில் மூடுபனி இறங்கினால் மாமா வீட்டுக் கம்பளியெல்லாம் பூஞ்சை வாடை அடிக்கும், உனக்கே தெரியும். கொஞ்சம் வெயில் தலைகாட்டினால் போதும், அத்தை முதலில் கதவு ஜன்னலையெல்லாம் திறந்து போடுவார். சாம்பிராணிக் கரண்டியைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

இனி சரக்கு. நம் கடைகளில் பட்டை என்று கொடுப்பது பெரும்பாலும் கேசியா. தடித்த தோல், காரமான மணம். இலங்கைச் சுருள் பட்டை வேறு, மெல்லிய ஏடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், மணமும் மென்மை, விலையும் அதிகம். அதைப் பாயசத்துக்கு வைத்துக்கொள். சட்டிக்குத் தடித்த பட்டைதான் சரி, நேரம் போகப் போகவும் மணம் விட்டுக்கொண்டே இருக்கும். பொடியாக இருப்பதைப் போடாதே, அடியில் படிந்து பிடித்துக் கருகும்.

கிராம்பு வாங்கும்போது கண்ணை நம்பாதே, நகத்தை நம்பு. ஒன்றை எடுத்து மொட்டுக்குக் கீழே நகத்தால் அழுத்து. நல்ல சரக்கு என்றால் அழுத்திய இடத்தில் எண்ணெய் மினுங்கும், அந்த மணம் விரலை விட்டு லேசில் போகாது. எண்ணெயை ஏற்கெனவே எடுத்துவிட்ட கிராம்பு சுருங்கி, மொட்டு உதிர்ந்து, அழுத்தினால் வறண்டு நொறுங்கும். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டும் பார்க்கலாம். நல்லது மூழ்கும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். சக்கை படுத்தபடி மிதக்கும். மண்டியில் மூட்டை பிரித்ததும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நம் ஆட்கள் கடைகள் நிறைய இருக்கின்றன, அங்கே கொஞ்சமாக வாங்கிச் சோதித்துவிட்டு அப்புறம் அதிகமாக வாங்கு. அன்னாசிப்பூ ஒன்றே ஒன்று போதும், கூடினால் மற்ற மணத்தையெல்லாம் அமுக்கிவிடும்.

பழத்துக்குத் தனியாகச் செலவு செய்யாதே. ஆப்பிள் சாப்பிட்டால் தோலும் நடுத்தண்டும் மிஞ்சுமல்லவா, அதை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் சேர்த்து வை. நீ இருக்கிற கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில்தான் 1811-ல் ஜான் மெக்கின்டாஷ் என்பவர் தன் நிலத்தில் தானாக முளைத்திருந்த ஆப்பிள் கன்றுகளைக் கண்டார், இன்றைக்கு அவர் பெயரில் விற்கிற பழம் அப்படி வந்ததுதான். செப்டம்பரில் அது மரத்தில் பழுக்கும், அந்தச் சமயத்தில் மலிவாகக் கிடைத்தால் விடாதே. ஆரஞ்சுத் தோலை விளக்குக்கு எதிரே பிடித்து வெளிப்பக்கமாக மடித்துப் பார், புள்ளி புள்ளியாக இருக்கிற பைகள் உடைந்து பொடிச் சாரல் பறக்கும். மணம் முழுக்க அந்த நிறமுள்ள மேல் தோலில்தான். உள்ளே வெள்ளையாக இருப்பது கசப்பு மட்டும்தான், அதை வழித்துவிட்டுப் போடு. ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சுக்கு இந்த விஷயத்தில் ஈடு கிடையாது. இப்போது முன்பு போல் வரத்து இல்லை என்பதில் எனக்கு வருத்தம்தான். மாமா அனுப்புகிற பழத்தோலை அம்மா இன்னும் மொட்டை மாடியில் காயவைத்து நலங்கு மாவுக்கு எடுத்து வைக்கிறாள்.

வைக்கிற முறையைச் சொல்கிறேன். எவர்சில்வர் பாத்திரம் எடு, அலுமினியம் வேண்டாம், பழப்புளிப்பு அதை அரிக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு விரல் நீளப் பட்டை இரண்டு, கிராம்பு ஏழெட்டு, அன்னாசிப்பூ ஒன்று, தட்டிய இஞ்சி ஒரு துண்டு. கொதி வந்ததும் அடுப்பை சிம்மில் வை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்தால் போதும். கால் மணி நேரம் கழித்து ஆப்பிளையும் ஆரஞ்சுத் தோலையும் போடு. சேர்த்தே போடலாமே என்பாய். ஆரஞ்சு எண்ணெய் லேசானது, முதல் ஆளாகப் பறந்துவிடும். பட்டையும் கிராம்பும் நிதானமாகத்தான் விடும். முதலிலேயே தோலைப் போட்டால், நீ கூடத்தில் வந்து உட்காரும்போது ஆரஞ்சு போயிருக்கும், மசாலா மட்டும் நிற்கும்.

அரைமணிக்கு ஒரு தரம் எட்டிப் பார், வெந்நீர் ஊற்றி அளவை நிரப்பு. ஒன்றிரண்டு மணி நேரம் போதும். அணைத்த பிறகு ஆறவிட்டு மூடி ஃப்ரிட்ஜில் வை, மறுநாளும் ஒரு கை புதுத்தோல் சேர்த்துக் கொதிக்க விடலாம். வழுவழுப்போ புளித்த வாடையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடு.

இதைக் கண்டிப்பாகக் கேள். சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே போகாதே, தூங்காதே. தண்ணீர் வற்றினால் சரக்கு கருகி, தீப்பிடிக்கவும் செய்யும். உன் வீட்டில் கரண்ட் அடுப்பு, அணைத்த பிறகும் தட்டு நெடுநேரம் சூடாகவே இருக்கும். போனில் நேரம் வைத்துக்கொள். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோத்து வழிகிறதென்றால் வீட்டில் ஈரம் அதிகமாகிவிட்டது, அன்றைக்கு அணைத்துவிடு, இல்லாவிட்டால் சட்டத்தில் பூஞ்சை பிடிக்கும். ஹீட்டர் காற்றில் உதடு வெடிக்கிற நாட்களில் அந்த ஈரம் உனக்கு நல்லதுதான். தெருவில் அழகாக இருக்கிறதென்று பெயர் தெரியாத ஊசியிலைக் கொப்பை ஒடித்து வந்து போடாதே, யூ என்ற மரம் விஷம். வாசனை எண்ணெய்க் குப்பியிலிருந்து சொட்டு விடுகிற பழக்கமும் வேண்டாம். உன் அறைத்தோழி பூனை வைத்திருக்கிறாள், அந்த எண்ணெய்களில் பல பூனைக்கு ஆகாது. சட்டி கொதிக்கும்போதும் பூனை வேறு அறைக்குப் போய் இருக்க வழி விடு.

நம் ஊர் மணம் வேண்டும் என்கிற நாளில் பட்டையைக் குறைத்துவிட்டு வெட்டிவேர் போடு. ஒரு கைப்பிடி வேரை மண் போகக் கழுவி, ராத்திரியே ஊறப்போட்டுவிடு, அது மெதுவாகத்தான் மணம் விடும். ஊறின தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, ஏலக்காய் தட்டிய பிறகு மிஞ்சுகிற தோலையும் நாலைந்து மிளகையும் சேர். மிளகு மாமா தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில் பறித்தது, போன தடவை நீ எடுத்துப்போனது இன்னும் இருக்கும். வ.உ.சி. பூ மார்க்கெட்டில் மரிக்கொழுந்தைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு அனுப்ப முடியவில்லையே என்றிருக்கிறது.

நவம்பரில் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது, வேலை முடிந்து இருட்டில் வந்து பூட்டைத் திறப்பது என்னவோ போல் இருக்கிறது என்று போன வருஷம் சொன்னாய். நான் அதை மறக்கவில்லை. வந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் சட்டியை ஏற்று, அப்புறம் முகம் கழுவு. சமையல் ஆகிறவரைக்கும் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

அடுத்த மாதம் உன் சித்தப்பா மகன் டொராண்டோ வருகிறான். புதுக் கிராம்பு கால் கிலோ, தடித்த பட்டை அரைக் கிலோ, ஒரு கட்டு வெட்டிவேர் எடுத்து வைத்திருக்கிறேன். வேரில் மண் இருந்தால் விமான நிலையத்தில் தகராறு, அதனால் அம்மா கழுவி நன்றாகக் காயவைத்துவிட்டாள். சுருள் பட்டையும் வேண்டுமா, ஜாதிக்காய் எத்தனை என்பதை ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல், அன்றைக்குத்தான் பொட்டலம் கட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா
சேலம்