பூங்காவில் கொஞ்சம் மண்ணை விட்டு வையுங்கள்

குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் அண்ணாச்சிமார்களுக்கும் செயற்குழு அக்காமார்களுக்கும் வணக்கம்.

நம் நகர்ப் பூங்கா முழுவதும் பேவர் பிளாக் சிமெண்ட் கல் பதிப்பதென்று போன கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. கொட்டேஷன்கூட வாங்கியாச்சு என்று கேள்வி. நடைபாதைக்குக் கல் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுவில் இருக்கும் மண்தரையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தத் திறந்த மடல்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு போனைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, நாமெல்லாம் எப்படி ஆடினோம்" என்று அந்தக் கூட்டத்தில் அலுத்துக்கொண்டவர்கள்தான், அடுத்த பத்தாவது நிமிடம் தரையை மூடக் கை தூக்கினார்கள்.

நாம் ஆடியதில் பாதி மண்ணை நம்பிய ஆட்டம். குதிகாலை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினால் கோலிக்குக் குழி ரெடி. செல்லாங்குச்சிக்கு, அதாவது கிட்டிப்புள்ளுக்கு, தரையில் நீளமாகக் கீறி, குறுக்கே குச்சியை வைத்துக் கம்பால் கெந்த வேண்டும். சிமெண்ட் கல்லில் எங்கே போய்க் கீறுவது? பாண்டியைச் சாக்பீஸில் கட்டம் போட்டுக் கல்லிலும் ஆடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓட்டாஞ்சில்லு மண்ணில் என்றால் விழுந்த இடத்தில் கிடக்கும்; கல்லில் துள்ளி அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். அப்புறம் சண்டைதான். சித்திரை வெயிலில் அந்தக் கல் மேல் வெறுங்காலோடு யார் நொண்டியடிப்பது?

பம்பரத்துக்குத்தான் மண் ரொம்ப முக்கியம். ஆணியிலிருந்து சாட்டையை இறுக்கிச் சுற்றி, நுனி முடிச்சை விரலிடுக்கில் பிடித்து, ஓங்கி விட்டுச் சுண்டினால் ஆணி மண்ணில் லேசாகப் பதிந்து, பம்பரம் ஆடாமல் அசையாமல் நின்று தூங்கும். தூங்குகிற பம்பரத்தைச் சாட்டையால் கோத்துத் தூக்கி 'அப்பீட்' எடுப்பதும், வட்டத்துக்குள் கிடக்கிற அடுத்தவன் பம்பரத்தில் ஆக்கர், அதாவது ஆணித் தழும்பு, விழக் குத்துவதும் அதற்கப்புறம்தான். கல்லில் ஆணி வழுக்கும், இல்லையென்றால் இடுக்கில் மாட்டிப் படுத்துவிடும். நாலு தடவை விட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை போனைத் தேடிப் போவான்.

மரக் கடைசலுக்குப் பெயர்பெற்ற அம்பாசமுத்திரம் நமக்குத் தொலைவில்லை. கடைசல் எந்திரத்தில் மரம் சுழலும்போதே வண்ண அரக்கை அழுத்தினால், உரசுகிற சூட்டில் அது உருகி மரத்தோடு பிடித்துக்கொண்டு, சிவப்பும் பச்சையுமாக மினுங்கும். குற்றாலம் சீசனுக்குப் போகிறவர்கள் அப்படிச் செய்த சொப்புச் சாமானை ஆசையாக வாங்கி வந்து, ஷோகேஸில் வைத்துக் கண்ணாடியைச் சாத்திவிடுகிறார்கள். பிள்ளை தொட்டால் அதட்டல் வேறு.

மழைக்குச் சகதியாகும் என்பது நியாயமான கவலை. ஆனால் 2023 டிசம்பர் யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது, தாமிரபரணி கரை புரண்டு ஓடியது. அவ்வளவு வெள்ளத்தை நம் பூங்கா குடித்துவிடும் என்று சொல்ல வரவில்லை. சாதாரண ஐப்பசி மழையாவது இறங்க ஒரு துண்டுத் தரை இருக்கட்டுமே. நடுவைச் சற்று மேடாக்கி, சரளும் செம்மண்ணும் போட்டு உருட்டி, ஓரத்தில் வாய்க்கால் எடுத்தால் சகதி பெருமளவு குறையும். ஆற்று மணல் மட்டும் வேண்டாம், ஆறு பாவம்.

இன்னொன்று. பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு வருஷா வருஷம் பிளாஸ்டிக் டப்பாதான் பரிசு. எல்லார் வீட்டிலும் அது அடுக்கிக் கிடக்கிறது. இந்தத் தடவை அம்பாசமுத்திரத்திலிருந்து பம்பரமும் சொப்பும் வாங்கலாம். பம்பரப் போட்டியும் வைத்தால் நடுவராக இருக்க நம் தெருத் தாத்தாமார்கள் போட்டி போடுவார்கள்.

கல் இறக்குவதற்கு முன் ஒரு கூட்டம் போடுங்கள். செம்மண் ஒரு லோடுக்கு ஆகும் பணத்தை நான் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது தெருக்காரன்