கச்சான் காற்று இல்லையடி

உவர்மலை,
திருகோணமலை.
ஆடி மாதம்

அன்பின் வசந்தி,

உன் தை மாதக் கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன், கோபிக்காதே. பிள்ளைகள் சுகம். இவருக்கு முழங்கால் வலி பழையபடி. கணக்கு ரீச்சர் இன்னும் கோணேஸ்வரத்துக்கு நடந்தேதான் போகிறார்.

பனி கொட்டும்போதும் ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுக்கிறேன் என்று எழுதியிருந்தாய். வாசித்துவிட்டுச் சிரித்தேன். இப்போது நினைத்தால் மனம் வலிக்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் அந்தச் சூடு எனக்கும் வந்துவிட்டதடி.

இறந்த மாமியின் அந்தியேட்டிச் சடங்குக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருந்தோம். ஏழு கிணற்றில் ஒன்றிலும் நான் இன்னும் வாளி போடவில்லை. அதற்குள் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி கழுத்து, காது, நெற்றி என்று ஏறியது. முதுகுப்பக்கம் சேலை நனைந்து ஒட்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அது இறங்க, அந்த வெயிலில் எனக்குக் குளிர் நடுக்கம்! "கச்சான் காற்று பிள்ளை, எல்லாருக்கும்தான்" என்றார் பெரியக்கா. நானும் அந்தச் சுடுகாற்றான கச்சானையே திட்டிக்கொண்டு இரவில் மூன்று தரம் சட்டை மாற்றினேன். முதலில் பார்த்த டொக்டர், வயது போனால் இப்படித்தான் என்று விட்டமின் குளிசையோடு அனுப்பிவிட்டார். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

பிறகு போன லேடி டொக்டர் ஒரு தாளில் கீறிக் காட்டினார். மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலமஸ் உடம்புச் சூட்டுக்கு இரண்டு கோடு வைத்திருக்கிறது. மேல்கோட்டைத் தாண்டினால் வேர்வை, கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் நடுக்கம். இந்தத் தொல்லை இல்லாத பெண்களுக்கு இடைவெளி ஏறத்தாழ 0.4 பாகை. ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைந்ததும் அது அடக்கி வைத்திருந்த நரம்புக்கலங்கள் துள்ளத் தொடங்க, எங்களுக்கு அந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. ஒரு பிளேன்ரீ குடித்த சூடே போதும், தோலின் இரத்தக்குழாய்கள் விரிந்து வேர்வை கொட்டும். உன் பனி என்ன, என் கச்சான் என்ன!

மருந்தாக ஈஸ்ட்ரஜன் கொடுக்க, வேர்வைக் கோடு மறுபடி மேலே போகிறது. கர்ப்பப்பை இருப்பதால், அதன் உட்சுவரைக் காக்க எனக்குப் புரொஜெஸ்டரோன் என்ற மற்ற ஹோர்மோனும் வேண்டும். மருந்து தொடங்கிய நாலாம் கிழமை ஒருநாள் விடிய எழும்பி தலையணை உறையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அழுதுவிட்டேன்.

2002இல் அமெரிக்காவில் இடையில் நிறுத்திய ஹோர்மோன் மருந்து ஆய்வைச் சொல்லித்தானே நீ பயப்படுகிறாய்? பயம் பொய்யில்லை. இரண்டு மருந்தும் சேர்த்து எடுத்தவர்களுக்கு மார்புப் புற்றுநோயும் இரத்தக்கட்டும் கொஞ்சம் கூடின. ஆனால் அவர்களின் சராசரி வயது 63. நமக்கு 52. 60 வயதுக்கு உட்பட்டு, மாதவிடாய் நின்று 10 வருடம் ஆகாதவர்களுக்குப் பெரும்பாலும் நன்மையே கூட என்று பின்னர் கண்டிருக்கிறார்கள். தோலில் ஒட்டும் பட்டையில் இரத்தக்கட்டு ஆபத்து குளிசையைவிடக் குறைவு.

ஒன்று மட்டும், உன் அம்மாவுக்கு மார்பில் வந்ததை டொக்டரிடம் மறைக்காதே. ஹோர்மோன் உனக்குக் கூடாது என்றால், அந்த நரம்புக்கலங்களின் துள்ளலை அடக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மருந்து இருக்கிறது, 2023இல் அமெரிக்காவில் அனுமதித்தது. அதைக் கேட்டுப் பார்.

எந்த நாளைக்குப் போகிறாய் என்று உடனே எழுது. மார்கழிக்கு வந்தால் ஜன்னல் பக்கக் கட்டில் உனக்குத்தான்.

உன்,
சாந்தி