கிளாரா ஷூமனின் பியானோவையும் கொஞ்சம் பேசுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜெர்மன் பியானோ கலைஞர் கிளாரா ஷூமன் பற்றி நாலு பக்கத்துக்குக் கட்டுரை போட்டிருந்தீர்கள். தமிழில் அவரைப் பற்றி இவ்வளவு இடம் கொடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் படித்து முடித்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனோடு காதல், அதற்கு அப்பா போட்ட முட்டுக்கட்டை, அப்புறம் இன்னொரு இசையமைப்பாளரான பிராம்ஸ் அவர்மேல் வைத்திருந்த பிரியம், இதிலேயே முக்கால்வாசிக் கட்டுரை போய்விட்டது. 1828இலிருந்து 1891 வரை மேடையில் பியானோ வாசித்த ஒரு பெண்ணின் வாசிப்பைப் பற்றியும், அந்த வாசிப்பை வைத்து அவர் எப்படிக் குடும்பம் நடத்தினார் என்பது பற்றியும் ஒரு பத்திகூட இல்லை.

ஒன்பது வயதில் லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் முதல் மேடை. பதினாறு வயதில் தானே எழுதிய ஏ மைனர் பியானோ கன்சர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) அதே அரங்கில் வாசித்தார், இசைக்குழுவை நடத்தியவர் இசையமைப்பாளர் மெண்டல்சன். பதினெட்டு வயதில் வியன்னா அரசவையே பட்டம் கொடுத்தது. இதெல்லாம் கல்யாணத்துக்கு முந்தைய கதை. 1840இல் கல்யாணம் நடந்தபோது ஊருக்கெல்லாம் தெரிந்த கலைஞர் கிளாராதான், ராபர்ட்டின் பெயர் அந்த அளவுக்குப் பரவியிருக்கவில்லை. 1844இல் இருவரும் ரஷ்யா போனதும் கிளாராவின் கச்சேரிகளுக்காகத்தான்.

அப்பா ஃபிரீடரிஹ் வீக்கை வெறும் வில்லனாகக் காட்டியிருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மகளுக்கு அத்தனையும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அதே சமயம் மகளின் நாட்குறிப்பைக்கூட மகளே எழுதுவதுபோல ‘நான்’, ‘என் அப்பா’ என்று தானே எழுதிவைத்த மனிதர், கச்சேரிப் பணத்தையும் தன் கையிலேயே வைத்திருந்தார். 1839இல் தான் கூடப் போகாமல் கிளாராவை பாரிஸுக்கு அனுப்பினார். அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் அங்கே தன் கச்சேரிகளுக்கான ஏற்பாடுகளைத் தானே பார்த்துக்கொண்டது. என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் காதலைவிடப் பெரிய திருப்பம் இதுதான். பின்னால் ஒரு குடும்பமே அவர் தலையில் விழுந்தபோது கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான்.

1854 பிப்ரவரியில் ராபர்ட் ரைன் நதியில் குதித்தார், காப்பாற்றி எண்டெனிஹ் மனநல விடுதியில் சேர்த்தார்கள். அப்போது கிளாரா வயிற்றில் எட்டாவது குழந்தை. நண்பர்கள் பண உதவிக்காகக் கச்சேரி நடத்தித் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டார். ஜூனில் ஃபெலிக்ஸ் பிறந்தான், அந்த இலையுதிர் காலத்திலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு கச்சேரிப் பயணம் கிளம்பிவிட்டார். கணவரைப் பார்க்க இரண்டு வருஷத்துக்கும் மேல் மருத்துவர்கள் விடவில்லை, கடைசியில் அவர் சாவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பார்க்க முடிந்தது. அந்த இரண்டு வருஷமும் பிராம்ஸ், கிளாராவின் வீட்டில் குழந்தைகளுக்குத் துணையாக இருந்தார் என்பதை விரிவாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அந்த வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்து, ஹாலந்து, ஆஸ்திரியா என்று ஊர் ஊராகப் போய் வாசித்த அந்தக் கைகளிலிருந்துதானே. பிற்பாடு கைவலி வந்து மாதக்கணக்கில் மேடையேற முடியாமல் போன காலமும் உண்டு. குழந்தைகளிலும் நாலு பேர் அவர் உயிரோடு இருக்கும்போதே இறந்துபோனார்கள். அப்படியும் திரும்பத் திரும்ப மேடைக்கு வந்தார்.

அவர் என்ன வாசித்தார் என்பதும் முக்கியம் ஐயா. சின்ன வயதில் அப்பா சொன்னபடி, அன்றைக்கு மவுசாக இருந்த விரல் வித்தைத் துணுக்குகள்தான் நிறைய. போகப் போக அவற்றை ஒதுக்கிவிட்டு பாக், பீத்தோவன், ஷோபென், ராபர்ட் ஷூமன் என்று நிகழ்ச்சியையே மாற்றிவிட்டார். இசைக்குறிப்பு முன்னால் இல்லாமல் மனப்பாடமாக வாசித்ததும் அப்போது அபூர்வம். 1837இல் பெர்லினில் அதைப் பார்த்த பெட்டினா ஃபான் ஆர்னிம் என்ற எழுத்தாளர், எவ்வளவு திமிர் இந்தப் பெண்ணுக்கு என்று கடிந்துகொண்டார். இன்றைக்குப் பியானோ கலைஞர் யாரும் மேடையில் தாளை வைத்துக்கொண்டு வாசித்தால்தான் நாம் ஏன் என்று கேட்கிறோம்! அவர் வாசித்த 1,300க்கும் மேற்பட்ட கச்சேரிகளின் நிகழ்ச்சித்தாள்கள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. கட்டுரை எழுதியவர் அவற்றைப் பற்றி இரண்டு வரியாவது சொல்லியிருக்கலாம்.

1878இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் புதிதாகத் தொடங்கிய ஹோக் இசைப்பள்ளி அவரை ஆசிரியராகக் கூப்பிட்டது. அவர் போட்ட நிபந்தனைகளைப் பாருங்கள்: ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான் பாடம், அதுவும் தன் வீட்டில், வருஷத்துக்கு நாலு மாதம் விடுமுறை, குளிர்காலத்தில் கச்சேரிக்குப் போக அனுமதி, கூடவே இரண்டு உதவியாளர்கள். மகள்கள் மரியும் ஒய்கேனியும்தான் அவர் மனதிலிருந்த உதவியாளர்கள். இயக்குநர் யோவாகிம் ராஃப் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார். பெண்களை ஆசிரியராக எடுப்பதில்லை என்ற முடிவில் இருந்த அந்த மனிதர், கிளாராவை மட்டும் ஆண் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாராம். எனக்கு அந்தப் பேச்சில் கோபம்தான் வருகிறது, ஆனாலும் பேரம் பேசத் தெரிந்த அம்மா ஜெயித்துவிட்டார்.

இன்னொரு குறை. அவர் எழுதிய இசையைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. பெண் இசையமைக்க ஆசைப்படக் கூடாது என்று இருபது வயதில் நாட்குறிப்பில் எழுதிய அதே கிளாராதான், 1846இல் பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமாக ஜி மைனர் ட்ரையோவை எழுதினார். மூன்றாம் பகுதியில் முதலில் பியானோ தனியாகப் பாட்டைத் தொடங்கும், வயலின் அதை வாங்கிக்கொள்ளும், அப்புறம்தான் செல்லோவின் முறை வரும். ராபர்ட் போனபிறகு அவர் இசையமைப்பதை ஏறக்குறைய விட்டேவிட்டார், கணவரின் படைப்புகள் முழுவதையும் பதிப்பிக்கும் வேலைக்குத்தான் நேரம் கொடுத்தார்.

உங்கள் இசைப் பக்கத்தில் அடுத்த தடவை இந்த ட்ரையோவைப் பற்றி யாரையாவது எழுதச் சொல்லுங்கள். வயலினுக்கும் பியானோவுக்குமாக 1853இல் எழுதி வயலின் கலைஞர் யோசஃப் யோவாகிமுக்குக் காணிக்கையாக்கிய மூன்று ரொமான்ஸ்களையும் (பாட்டுப்போன்ற சிறு படைப்புகள்) சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. பிராம்ஸ் கதை அதில் வேண்டாம்.

அன்புடன்,
நெடுநாள் வாசகி ஒருத்தி