"தூக்குங்கள் அவரை" என்று கத்துவதற்கு முன்: கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கால்பந்து ரசிகர்களே,

தோற்றால் வெளியேற வேண்டிய நாக் அவுட் ஆட்டத்தில் நம் அணி தோற்றுவிட்டால் யார் தலை உருள வேண்டும் என்பதை இரண்டே நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறோம். பெரும்பாலும் அது பயிற்சியாளர் தலை. அவருக்கு வக்காலத்து வாங்க இந்த மடலை எழுதவில்லை. தாராளமாகத் திட்டுங்கள், ஆனால் இடம் பார்த்துத் திட்டுங்கள். ஒரு முடிவு சரியா தப்பா என்பதை ஸ்கோரை வைத்து அளக்காமல், அந்த நிமிடத்தில் பயிற்சியாளர் கையில் என்ன மிச்சம் இருந்தது என்று பார்த்து அளந்தால், நம் வசவில் பாதி தானாக உதிர்ந்துவிடும். மிச்சப் பாதி அவருக்கு உண்மையிலேயே உறைக்கும்.

2014 உலகக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். காலிறுதியில் நெதர்லாந்தும் கோஸ்டா ரிகாவும் 0-0. கூடுதல் நேரம் முடியப்போகும் தறுவாயில் நெதர்லாந்து பயிற்சியாளர் லூயி வான் ஹால் தன் கோல்கீப்பர் சிலெசனை வெளியே அழைத்து டிம் குருலை இறக்கினார். சமநிலையை உடைக்க ஆளுக்கு ஆள் பெனால்டி உதைக்கும் ஷூட் அவுட்டில் குருல் இரண்டு உதைகளைத் தடுத்தார், நெதர்லாந்து 4-3 என ஜெயித்தது. 'மேதை' என்று உலகமே கொண்டாடியது. நான்கு நாள் கழித்து அர்ஜென்டினாவுடன் அரையிறுதி. மறுபடியும் 0-0, மறுபடியும் ஷூட் அவுட். இந்த முறை சிலெசனே நின்றார், ஒன்றைக்கூடத் தடுக்கவில்லை, 2-4. "குருல் எங்கே?" என்று அதே வாய்கள் கேட்டன. குருல் பெஞ்சில்தான் இருந்தார். அன்றைய விதிப்படி ஓர் ஆட்டத்துக்கு மூன்று ஆள் மாற்றம் மட்டுமே. இடைவேளையில் ஒன்று போனது, 62-ஆவது நிமிடத்தில் இன்னொன்று, 96-ஆவது நிமிடத்தில் வான் பெர்சிக்குப் பதில் ஹுன்டலார். அத்தோடு கணக்குத் தீர்ந்தது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: வான் பெர்சியை இன்னும் 24 நிமிடம் களத்தில் வைத்துக்கொண்டு, கடைசி மாற்றத்தைக் கோல்கீப்பருக்காகப் பொத்தி வைத்திருக்க வேண்டுமா? இது நல்ல கேள்வி, இரண்டு பக்கமும் வாதாடலாம். பொத்தி வைத்து, 110-ஆவது நிமிடத்தில் ஒரு தடுப்பாட்டக்காரருக்குத் தசைப்பிடிப்பு வந்தால் என்ன செய்வார் என்பதையும் சேர்த்துத்தான் வாதாட வேண்டும்.

இதைவிடக் கொடுமை 2006 உலகக் கோப்பை காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு நடந்தது. ஜெர்மனிக்கு எதிராக 1-0 என முன்னிலை. "19 வயது மெஸ்ஸியை ஏன் இறக்கவில்லை?" என்று இன்றுவரை அதன் பயிற்சியாளர் பெக்கர்மேனைக் கேட்கிறார்கள். நிமிடங்களை வரிசையாகப் பாருங்கள். 71-இல் கோல்கீப்பர் அபொண்டன்சியேரி காயம்பட்டு வெளியேறுகிறார்; அவர் விரும்பாத ஒரு மாற்றம் போய்விட்டது. 72-இல் ரிக்கெல்மேவை எடுத்துவிட்டுக் கம்பியாஸோ. 79-இல் கிரெஸ்போவுக்குப் பதில் குரூஸ். 80-இல் க்ளோசே தலையால் முட்டி 1-1. அந்தக் கணத்திலிருந்து கூடுதல் நேரம் முழுக்க அவர் கையில் ஒன்றுமில்லை. கோல்கீப்பர் காயத்துக்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எட்டே நிமிடத்தில் எல்லாவற்றையும் செலவழித்ததற்கும், பந்தைக் காலில் வைத்துக்கொள்ளத் தெரிந்த ஒரே ஆளான ரிக்கெல்மேவை வெளியே எடுத்ததற்கும் தாராளமாகச் சொல்லலாம். மெஸ்ஸியை மட்டும் பேசிப் பேசி, உண்மையான தப்பை நாம் தப்பவிட்டுவிட்டோம்.

இப்போது ஐந்து மாற்றம் வந்துவிட்டது. கூடவே வந்த ஒரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்து பேரை மாற்றலாம், ஆனால் ஆட்டத்தை நிறுத்தி மாற்ற மூன்று தடவைதான் வாய்ப்பு. இடைவேளையில் செய்யும் மாற்றம் இந்தக் கணக்கில் சேராது. கூடுதல் நேரத்துக்குப் போனால் இன்னொரு ஆளும் இன்னொரு தடவையும் கிடைக்கும். மூளை அதிர்ச்சிக்கான மாற்றம், அது நடைமுறையில் உள்ள போட்டிகளில், தனிக் கணக்கு. இதில் எங்கே சறுக்குவார்கள்? 55-இல் ஒருவர், 63-இல் ஒருவர், 74-இல் ஒருவர் என்று ஒவ்வொருவராக மாற்றிவிட்டால், இரண்டு பேர் பெஞ்சில் சும்மா இருந்தாலும் 90 நிமிடம் முடியும்வரை இறக்க முடியாது. 80-இல் ஒருவர் சுருண்டு விழுந்தால் பத்துப் பேரோடுதான் ஆட வேண்டும். விஷயம் தெரிந்த பயிற்சியாளர்கள் இடைவேளையை ஒரு இலவசத் தடவையாகப் பயன்படுத்துவார்கள். அதன்பின் இருவர் இருவராக மாற்றுவார்கள். கடைசித் தடவையை 80-க்கு முன்னால் தொடவே மாட்டார்கள். இதைத் தப்பாகச் செய்பவரைத் திட்டுங்கள். முழுக்க முழுக்க அவர் கையில் இருந்த விஷயம் அது.

வெற்றி எதையெல்லாம் மறைக்கும் என்பதற்கு 2022 உலகக் கோப்பை இறுதிப்போட்டி போதும். 0-2 எனப் பின்தங்கிய பிரான்ஸின் தேஷாம், இடைவேளைகூட வருமுன், 41-ஆவது நிமிடத்தில் ஜிரூவையும் டெம்பெலேவையும் எடுத்துவிட்டுக் கோலோ முவானியையும் துராமையும் இறக்கினார். 80-இல் பெனால்டியைச் சம்பாதித்தவர் கோலோ முவானி. அடுத்த நிமிடம் எம்பாப்பே அடித்த கோலுக்குப் பந்தைக் கொடுத்தவர் துராம். தோற்ற அணியின் பயிற்சியாளர் எடுத்த முடிவு. இருந்தாலும் அப்பழுக்கற்ற முடிவு. எதிர்ப்பக்கம் அர்ஜென்டினாவின் பயிற்சியாளர் ஸ்கலோனி, 2-0 என்று இருக்கும்போது, பிரான்ஸின் வலப்பக்கத்தைக் கிழித்துக்கொண்டிருந்த டி மரியாவை 64-இல் எடுத்துவிட்டு அக்குஞாவை இறக்கினார். பிறகு என்ன ஆயிற்று என்று தெரியும்: 2-2, 3-3, ஷூட் அவுட். 120-ஐத் தாண்டிய நேரத்தில் கோலோ முவானி அடித்த பந்து எமிலியானோ மார்டினெஸின் நீட்டிய காலில் படாமல் உள்ளே போயிருந்தால், டி மரியாவை எடுத்ததற்காக ஸ்கலோனியை இன்னும் 20 வருடம் வறுத்திருப்பார்கள். கோப்பை வந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. காலின் அளவை வைத்தா ஒரு பயிற்சியாளரின் மூளையை எடை போடுவது?

ஷூட் அவுட்டுக்கு வருவோம், நம் கோபம் அதிகம் கொதிப்பது அங்கேதான். கூடுதல் நேரம் முடியும்போது களத்தில் இருப்பவர்கள் மட்டும்தான் உதைக்கலாம். அதனால்தான் 119, 120-ஆவது நிமிட மாற்றங்கள். 2016 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) காலிறுதியில் இத்தாலியின் கான்டே கடைசி நொடியில் ஸாஸாவை இறக்கினார். அவர் குதித்துக் குதித்து ஓடிவந்து பந்தைக் கம்பத்துக்கு மேலே அனுப்பினார். 2021 ஜூலை 11, வெம்ப்ளியில் நடந்த யூரோ இறுதிப்போட்டியில் இங்கிலாந்தின் சவுத்கேட் 120-இல் ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் இறக்கினார். ஒருவர் உதைத்தது கம்பத்தில் பட்டது, மற்றவர் உதைத்ததை டொன்னாரும்மா தடுத்தார். 2022 உலகக் கோப்பையில் மொராக்கோவுக்கு எதிராக ஸ்பெயினின் சராபியா 118-இல் இறங்கி, ஷூட் அவுட்டில் கம்பத்தை அடித்தார்.

இந்த நாலு பேரை வைத்துச் சட்டம் எழுதிவிட முடியாது. ஆனால் காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பந்தை நாலைந்து முறையாவது தொட்டு, ஒரு முழு ஓட்டம் ஓடி, புல்லின் வழுக்கலைக் காலுக்குப் பழக்கிக்கொள்ளாத ஒருவர், நடுக்கோட்டிலிருந்து பெனால்டிப் புள்ளிவரை தனியே நடந்து போகிறார். அதே சவுத்கேட் 2024 யூரோ காலிறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக டோனியை 109-இலும் அலெக்சாண்டர்-ஆர்னால்டை 115-இலும் இறக்கினார். இருவரும் அடித்தார்கள், அணி ஐந்துக்கு ஐந்து. பத்து நிமிடம் முன்னால் இறக்கினால் ஆட்டத்தின் சமநிலை குலையுமே என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்தை அவர் எப்படி எடை போட்டார் என்று கேட்பதும் நியாயமானதுதான். "ஏன் இவரை இறக்கினாய்?" என்பதைவிட "ஏன் இவ்வளவு தாமதமாக இறக்கினாய்?" என்பது கூர்மையான கேள்வி.

உதைக்கும் வரிசை அடுத்தது. சிறந்த ஆளை ஐந்தாவதாக வைத்து, அவர் முறை வரும் முன்பே ஆட்டம் முடிந்த கதை மூன்று முறை பெரிய மேடையில் நடந்திருக்கிறது: 2012 யூரோ அரையிறுதியில் ரொனால்டோ, 2022 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் சாலா, அதே ஆண்டு டிசம்பரில் குரோவேஷியாவிடம் நெய்மர். மூன்றுமே 2-4. மூன்று அணிகளும் இரண்டாவதாக உதைத்தவை என்பதைக் கவனியுங்கள். முதலில் உதைக்கும் அணியைவிட, இரண்டாவதாக உதைக்கும் அணிக்குத்தான் ஐந்தாவது ஆள் சும்மா நிற்கும் ஆபத்து அதிகம். எதிரணியின் ஐந்தாவது உதையிலேயே கதை முடிந்துவிடலாம். யார் முதலில் என்பது நாணயம் சுண்டிய பிறகுதான் தெரியும். எனவே ஒரு பயிற்சியாளர் இரண்டு வரிசைகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும், இரண்டாவதாக உதைக்க நேர்ந்தால் தன் சிறந்த ஆளை முதல் நாலுக்குள் கொண்டுவர வேண்டும். "கடைசி உதையின் அழுத்தத்தை அவர்தான் தாங்குவார்" என்பது கேட்க நன்றாக இருக்கும். அந்தக் கடைசி உதை வந்தால்தானே?

இன்னொன்று. உலகக் கோப்பை ஷூட் அவுட்களில் தோராயமாக 10-க்கு 7 உதைதான் கோலாகிறது. அந்தக் கணக்குப்படி ஐந்து பேரும் அடிப்பதற்கான வாய்ப்பு ஆறில் ஒன்று. யாராவது ஒருவர் தவறவிடுவது இயல்பு. அதற்காகத் தவறவிட்டவரின் நிறத்தையும் குடும்பத்தையும் இழுத்துவைத்துப் பேசியவர்களுக்கு இந்த மடலில் சொல்ல எதுவுமில்லை. அந்த 2021 இறுதிப்போட்டியில் 19 வயது சாக்காவை ஐந்தாவதாக நிறுத்தியது ஏன் என்று சவுத்கேட்டைக் கேட்கலாம். தேர்வு தன்னுடையது என்று அவரே முன்வந்து சொன்னார். சாக்காவைக் கேட்க ஒன்றுமே இல்லை.

சரி, அப்படியானால் ஒட்டுமொத்தப் பழியும் பயிற்சியாளர் மேல் நியாயமாக விழும் தோல்வி எது? 2014 ஜூலை 8, பெலோ ஹொரிசோன்டே, உலகக் கோப்பை அரையிறுதி. பிரேசில் 1, ஜெர்மனி 7. நெய்மர் காயம், தியாகோ சில்வாவுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டையால் தடை. இதுவரை பிரேசில் பயிற்சியாளர் ஸ்கொலாரி பொறுப்பில்லை. ஆனால் நெய்மர் இடத்துக்கு அவர் எடுத்தது பெர்னார்டு என்ற இன்னொரு தாக்குதல் வீரரை. க்ரூஸ், கெதிரா, ஷ்வைன்ஸ்டைகர் என்று ஜெர்மனியின் நடுக்களத்தில் மூன்று பேர். எதிரே லூயிஸ் குஸ்தாவோ, ஃபெர்னாண்டின்யோ இருவர் மட்டும். பந்து பறிபோகும் ஒவ்வொரு முறையும் அந்த மூன்றாவது ஜெர்மானியர் ஆளில்லாமல் நின்றார். 23-இலிருந்து 29-க்குள் நாலு கோல். முதல் கோல் 11-இல் விழுந்தது, இரண்டாவது 23-இல். இடையில் 12 நிமிடம் இருந்தது. நடுக்களத்துக்குப் பவுலின்யோவும் ராமிரஸும் வந்தது இடைவேளையில், 0-5 ஆன பிறகு. காயமும் தடையும் அவருக்கு நேர்ந்தவை. ஆள் தேர்வும் தாமதமும் அவர் செய்தவை. இந்த இரண்டையும் பிரித்துப் பேசுவதுதான் விமர்சனம்.

போர்ச்சுகலின் ஃபெர்னாண்டோ சான்டோஸ் விஷயத்தில் நாம் அதைக்கூடச் செய்யவில்லை. 2022 உலகக் கோப்பையில் ரொனால்டோவைப் பெஞ்சில் உட்கார வைத்துச் சுவிட்சர்லாந்தை 6-1 என அடித்தபோது "துணிச்சல்". நாலு நாள் கழித்து அதே முடிவோடு மொராக்கோவிடம் 0-1 எனத் தோற்றபோது "ஆணவம்". முடிவு ஒன்றுதான், ஆள் ஒருவர்தான்.

அடுத்த நாக் அவுட் ஆட்டத்துக்கு ஒரு வேலை. ஒரு துண்டுத்தாள் போதும். 60-ஆவது நிமிடத்தில் எழுதுங்கள்: எத்தனை மாற்றம் மிச்சம், எத்தனை தடவை மிச்சம், மஞ்சள் அட்டையோடு ஆடுவது யார், மூச்சு வாங்குவது யார். கீழே, நீங்களாக இருந்தால் யாரை எப்போது மாற்றுவீர்கள் என்று குறியுங்கள். 105-இல், களத்தில் இருப்பவர்களை மட்டும் வைத்து, உங்கள் ஐந்து பேர் வரிசையை எழுதுங்கள். முதலில் உதைத்தால் ஒன்று, இரண்டாவதாக உதைத்தால் ஒன்று. எழுதிய பிறகு அடித்துத் திருத்தக் கூடாது. பயிற்சியாளருக்கும் அந்த வசதி கிடையாது. ஆட்டம் முடிந்ததும் உங்கள் தாளையும் அவர் செய்ததையும் ஒப்பிடுங்கள். எங்கே அவர் உங்களோடு ஒத்துப்போய்த் தோற்றாரோ, அங்கே வாயை மூடிக்கொள்வது மரியாதை. எங்கே நீங்கள் முன்கூட்டியே எழுதியதை அவர் செய்யாமல் விட்டாரோ, அங்கே நிமிடம் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

தோற்ற அணியின் சம்மேளனத்துக்கும் நாம் வைக்க வேண்டிய கேள்விகள் அந்தத் தாளிலேயே இருக்கின்றன. உதைக்கும் வரிசை எப்போது முடிவானது, ஆட்டத்துக்கு முந்தைய நாளா, கூடுதல் நேரம் முடிந்து வட்டமாக நின்றபோதா? நாணயம் சுண்டிய பிறகு வரிசை மாறியதா? கடைசித் தடவை எந்த நிமிடத்தில் செலவானது, ஏன் அப்போது? "தூக்குங்கள் அவரை" என்ற கூச்சலுக்கு இரண்டு வரி அறிக்கை விட்டுத் தப்பிவிடுவார்கள். இந்தக் கேள்விகளுக்கு அது போதாது.

இப்படிக்கு,
உங்களோடு கத்தும் ரசிகர்கள்