ஸ்டெம் செல் ஊசி விற்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

நீங்கள் அனுப்பிய வீடியோவை நானும், தண்டுவடத்தில் அடிபட்ட என் தம்பியும் பத்துத் தடவையாவது பார்த்திருப்போம். சக்கர நாற்காலியில் வந்தவர், ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய செல்) ஊசி போட்ட சில மாதத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். பின்னணியில் வயலின் வேறு. அவருக்கு எப்போது அடிபட்டது என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

அந்தத் தேதியைத்தான் போனில் கேட்டேன். உங்கள் ஆள் எம்.ஆர்.ஐ.யை அனுப்பச் சொன்னார், அப்புறம் முன்பணம் எப்போது கட்டுவீர்கள் என்றார்.

தேதியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்டுவடத்தில் அடிபட்ட முதல் சில மாதங்களில் வீக்கம் வடியும், தப்பிப் பிழைத்த நரம்புகள் மெல்ல வேலைக்குத் திரும்பும். ஊசியே போடாமல் சிலருக்கு அசைவு வருகிறது. ஆறாவது வாரம் ஊசி போட்டு ஆறாவது மாதம் வீடியோ எடுத்தால், உடம்பு தானாகச் சம்பாதித்ததும் உங்கள் கணக்கில்தான் சேரும். 2018-ல் ஜப்பான் அரசு, 13 பேரிடம் சோதித்த ஒரு ஸ்டெம் செல் சிகிச்சைக்கு நிபந்தனையோடு அனுமதி தந்தபோது விஞ்ஞானிகள் பலர் முகம் சுளித்ததும் இதனால்தான்: ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத ஒரு குழு இல்லை.

அதே ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்தார் நடந்துகொண்ட விதமும் உண்டு. சாதாரண செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றியெடுத்தது ஐபிஎஸ் செல்; அதிலிருந்து வளர்த்த, நரம்பு செல்லாகப் போகிற முன்னோடி செல்கள், ஆளுக்கு 20 லட்சம், அடிபட்டு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள், மொத்தம் நான்கே பேருக்கு. முதல் அறுவை 2021 டிசம்பரில். ஒவ்வொருவரையும் ஒரு வருடம் கண்காணித்து, 2025-ல் முடிவைச் சொன்னார்கள். இரண்டு பேருக்கு நல்ல முன்னேற்றம், அதில் ஒருவர் எழுந்து நிற்கிறார். மற்ற இருவருக்குப் பெரிய மாற்றமில்லை என்பதையும் மறைக்கவில்லை. உங்கள் வீடியோவில் அந்த மற்ற இருவர் எங்கே?

“உங்க சொந்த செல்தானே, பக்கவிளைவே கிடையாது” என்றும் போனில் சொன்னார்கள். மூக்கின் உள்சவ்வும் சொந்தத் திசுதான். அடிபட்டதைச் சரிசெய்ய அதைத் தண்டுவடத்தில் வைத்த ஒரு பெண்ணுக்கு எட்டு வருடம் கழித்து முதுகுவலி வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே சளி போன்ற திரவம் நிறைந்த கட்டி. 2014-ல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. இன்னொன்றும் நீங்கள் சொல்வதில்லை: ஏற்கெனவே செல் ஊசி போட்டுக்கொண்டவரை முறையான ஆய்வுகள் பலவற்றில் சேர்ப்பதில்லை.

தம்பிக்குக் கழுத்தில், சி6-ல் (கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாவது மட்டம்) அடி. விரல்கள் அசையாது. மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல்கள் தானாக மடங்கும், அந்தப் பிடியில்தான் டம்ளரை எடுக்கிறான். வீடியோ முடிந்ததும் ஒருநாள் சொன்னான்: “நடக்கிறது இருக்கட்டும்ணா. யூரின் டியூபை நானே போட்டுக்க முடிஞ்சா போதும்.” சிறுநீர்ப்பை பற்றி உங்கள் விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லை.

சரி, கேட்பது இவ்வளவுதான். இதுவரை எத்தனை பேருக்கு ஊசி போட்டீர்கள், ஒவ்வொருவருக்கும் அடிபட்டு எத்தனை நாளில், ஊசிக்கு முன்னும் ஒரு வருடம் கழித்தும் ஏசியா அளவில் (தண்டுவடக் காயத்தில் உணர்வும் அசைவும் எவ்வளவு மிச்சம் என்று தரம் பிரிப்பது) என்ன கிரேடு, எத்தனை பேருக்கு ஒன்றுமே நடக்கவில்லை, யாருக்காவது மோசமானதா? இது இன்னும் ஆராய்ச்சிதான் என்றால், ஆராய்ச்சிக்கு உடம்பைத் தருபவரிடம் எதற்குக் காசு?

பதில் வந்தால் எம்.ஆர்.ஐ.யை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அவனுடைய அண்ணன்