சமையற்கூடத்திலேயே பிரித்துத் தாருங்கள்: உணவக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உணவக உரிமையாளர்களுக்கும் சமையற்கூடப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். உணவகக் கழிவிலிருந்து பயன்படு பொருள்களைச் செய்யும் மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். மாணவர்கள் வந்து கேட்டபோதெல்லாம் உங்களில் பலர் மனமுவந்து கழிவைக் கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் கொடுக்கும் முறையில் ஒரு மாற்றத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒருமுறை எங்களுக்குக் கிடைத்த பழைய பொரிப்பெண்ணெயில் பாத்திரம் கழுவிய நீர் கலந்திருந்தது. ஒரு கிலோ சூரியகாந்தி எண்ணெயைச் சோப்பாக்க ஏறத்தாழ 135 கிராம் காஸ்டிக் சோடா என்னும் அரிக்கும் காரப்பொருள் வேண்டும். எடை பார்த்தபோது நீரும் எண்ணெயாகவே கணக்கில் சேர்ந்துவிட்டதால் அந்தக் காரப்பொருள் மிகுந்துபோயிற்று. கையுறையும் கண்காப்பும் அணிந்து கலக்கி, அச்சில் ஊற்றி, நான்கு வாரங்கள் காத்திருந்து மாணவர்கள் எடுத்த சோப்பு தோலை அரிக்கும் தன்மையோடு இருந்ததால், முழுவதையும் ஒதுக்கிவைக்க நேர்ந்தது. அவர்கள் முகம் வாடியதைப் பார்த்தபோது, பிழை ஆய்வகத்தில் நேரவில்லை, அதற்கு முன்பே, எண்ணெயை ஊற்றிவைத்த பாத்திரத்திலேயே நேர்ந்துவிட்டது என்பது எனக்குத் தெளிவாயிற்று.

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணானதாகவும், அதில் 28 விழுக்காடு உணவகம் போன்ற உணவுச் சேவை இடங்களைச் சேர்ந்ததாகவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. வீடுகளின் பங்கு அதனினும் பெரிது. ஆகவே உங்களைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. வீடுகளில் கைப்பிடி கைப்பிடியாகச் சிதறிக் கிடப்பது உங்கள் சமையற்கூடத்தில் நாள்தோறும் ஒரே இடத்தில் குவிகிறது என்பதால்தான் மாணவர்கள் உங்கள் வாசலுக்கு வருகிறார்கள்.

முட்டை ஓட்டில் 95 விழுக்காடு அளவுக்குக் கால்சியம் கார்பனேட் உள்ளது. கழுவி, உலர்த்தி, அரைத்தால் புளிப்பேறிய மண்ணைச் சீராக்க உதவும். காபிச் சக்கை சிப்பிக்காளான் வளர்க்க ஏற்றது. ஆனால் ஈரமாகவே ஓரிரு நாள் கிடந்தால் வேறு பூஞ்சை முந்திக்கொள்ளும். காய்கறித் தோலும் இலைகளும் உலர்சருகோடு சேர்ந்தால் நல்ல உரமாகும். இவை அனைத்தும் மீந்த குழம்போடும் பிளாஸ்டிக் உறைகளோடும் ஒரே தொட்டியில் விழுந்துவிட்டால், மாணவர்களின் நேரம் பிரிப்பதிலேயே கழிந்துவிடுகிறது. பெரும்பகுதி குப்பைமேட்டுக்குப் போய், காற்றில்லாமல் அழுகி, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவாகிறது.

எனவே எண்ணெய்க்கு, நன்கு ஆறிய பிறகு ஊற்றிவைக்க, மூடியுள்ள உலர்ந்த கலம் ஒன்றையும், ஓட்டுக்கும் சக்கைக்கும் தோலுக்கும் தனித்தனி வாளிகளையும் ஒதுக்குமாறு வேண்டுகிறேன். எண்ணெய்க் கலத்தின்மேல் தேதியையும் அதில் பொரித்தது என்ன என்பதையும் எழுதிவைத்தால் பேருதவியாக இருக்கும். பரபரப்பான வேளையில் இது கூடுதல் வேலைதான். அதைச் செய்யப்போகிறவர்கள் காய் நறுக்குவோரும் பாத்திரம் கழுவுவோருமே என்பதால், மாணவர்கள் நேரில் வந்து அவர்களோடு பேசி, வாளிகளின் இடத்தை அவர்கள் சொற்படியே முடிவுசெய்ய அனுமதியுங்கள். அன்றன்றைய கழிவை அன்றே எடுத்துச் செல்லும் பொறுப்பு எங்களுடையது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உண்ணத் தகுந்த உணவு எங்களுக்கு வேண்டாம். அது பசித்தவர்களுக்கே போகட்டும். அளவறிந்து சமைப்பதால் எங்கள் வாளிகள் பாதியாகக் குறைந்தாலும் எங்களுக்கு மகிழ்ச்சியே.

இசைவுள்ளவர்கள் தங்கள் பகுதிப் பள்ளியிலோ கல்லூரியிலோ இவ்வேலையில் ஈடுபட்டுள்ள மாணவர்களை அழைத்து, முதலில் எண்ணெய்க் கலத்தை மட்டுமாவது தொடங்கிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பணிவன்புடன்,
மாணவர்களுக்கு வழிகாட்டும் ஓர் ஆசிரியர்